பல் டாக்டர் பென் சாலமன்

அன்புள்ள கயல்விழிக்கு,

பல் மருத்துவம் படிக்கிறேன் என்றாலே "எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?" என்று உறவுக்காரர்கள் கேட்பதாக எழுதியிருந்தாய். அவர்களை விடு. ஒரு பல் டாக்டரைப் பற்றிச் சொல்கிறேன்.

பென் சாலமன் 1914இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1937இல் பல் மருத்துவப் படிப்பை முடித்தார். 1940இல் ராணுவம் அவரைக் காலாட்படைச் சிப்பாயாகத்தான் எடுத்துக்கொண்டது. இயந்திரத் துப்பாக்கியில் தேறியது அங்கேதான். 1942இல் பல் மருத்துவப் பிரிவுக்கு மாற்றியபோது மனமில்லாமல்தான் போனார்.

1944 ஜூனில் பசிபிக்கின் சைப்பான் தீவில் போர். குண்டு மழைக்கு நடுவே பல்லைக் காட்ட யார் வருவார்கள்? பட்டாலியன் மருத்துவர் காயம்பட்டதும், அந்த இடத்துக்குத் தானே முன்வந்து போனார்.

ஜூலை 7 விடியற்காலை. சரணடைவதைவிடச் சாவதே மேல் என்று ஆயிரக்கணக்கான ஜப்பானியச் சிப்பாய்கள் பாய்ந்து வந்தார்கள். சிகிச்சைக் கூடாரத்தில் சுமார் 30 பேர் காயத்தோடு கிடந்தார்கள். ஒரு ஜப்பானியச் சிப்பாய், கூடாரத்தருகே கிடந்த காயம்பட்டவரைக் குத்தினான். சாலமன் அவனைச் சுட்டார். வாசல் வழியே இருவர் வந்தார்கள். கூடாரத் துணிக்கு அடியில் நால்வர் ஊர்ந்து வந்தார்கள். அவர்களையும் மற்றவர்களின் துணையோடு வீழ்த்தினார். காயம்பட்டவர்களைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, எதிரியைத் தடுக்க வெளியேறினார். பிறகு அவர் உடல் ஓர் இயந்திரத் துப்பாக்கிமேல் கிடந்தது. எதிரே 98 எதிரிகளின் உடல்கள். அவருக்கு வயது 29.

இந்த 98ஐத்தான் எல்லோரும் வியந்து சொல்கிறார்கள். எனக்கு அந்த 30தான் பெரிது.

உயரிய விருதுக்குப் பரிந்துரை போனது. அவருடைய படைப்பிரிவின் தளபதி ஜெனரல் கிரைனர் மறுத்துவிட்டார்: செஞ்சிலுவைப் பட்டை அணிந்தவர் ஆயுதம் ஏந்தக் கூடாதாம். ஆனால் 1929ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் அப்படி மொத்தமாகத் தடுக்கவில்லை. தன்னையும் தன் பொறுப்பிலுள்ள காயம்பட்டவர்களையும் காக்க மருத்துவர் ஆயுதம் எடுக்கலாம். ஆகவே கூடாரத்துக்குள் நடந்ததில் வழக்கே இல்லை. சிக்கல் இயந்திரத் துப்பாக்கிதான்: அது தற்காப்பா, தாக்குதலா? நோயாளிகள் தப்பும் வழியைக் காக்கவே சுட்டார் என்பது என் கட்சி. ஆனாலும் ஜெனரலை முழுக்கக் குறைசொல்ல மாட்டேன். மருத்துவர்கள் சுடுவார்கள் என்றாகிவிட்டால், அந்தப் பட்டையை எதிரி எதற்கு மதிக்க வேண்டும்?

சாலமன் படித்த தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவர் ராபர்ட் வெஸ்ட் விடாமல் முயன்றபின், 2002 மே மாதம் அதிபர் புஷ் அந்த விருதை வழங்கினார்.

அந்த ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவைத் தேடிப் படி. நீ எந்தக் கட்சி என்று எழுது.

அன்புடன்,
மாமா