படி தாண்டாமல் ஏறுங்கள்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறீர்கள். சென்னை ரிச்சி தெருவில் பழசாக வாங்கிய திங்க்பேட் எக்ஸ்220 லேப்டாப்பில்தான் வினாத்தாள், பாடக்குறிப்பு எல்லாம் அடிக்கிறீர்கள். அதில் இருப்பது டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளம். நன்றாக ஓடுகிற ஒன்றை எதற்குத் தொட வேண்டும் என்று உங்கள் மனம் சொல்கிறது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போகாதீர்கள் என்று மகன் சொல்கிறார். தொட்டால் தமிழ்99 விசைப்பலகை போய்விடுமோ என்ற பயம் வேறு. இதே குழப்பத்தில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் பதிலைப் பொதுவாகவே எழுதுகிறேன்.

தொடுங்கள். தள்ளிப்போடாமல் தொடுங்கள்.

டெபியன் 11 வெளியானது 2021 ஆகஸ்ட் 14-ல். அதன் நீண்டகால ஆதரவு 2026 ஆகஸ்ட் 31-உடன் முடிகிறது. அந்தத் தேதிக்கு மறுநாள் லேப்டாப் நின்றுவிடாது, வழக்கம்போல ஓடும். ஆனால் ஃபயர்ஃபாக்ஸிலோ இயங்குதளத்தின் மையமான கெர்னலிலோ ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கும் திருத்தம் உங்களுக்கு வந்து சேராது. வங்கிக் கணக்கையும் அதே லேப்டாப்பில் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே மகன் சொல்வது சரி.

தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெபியனில் ஒரு பதிப்பிலிருந்து அதற்கு அடுத்த பதிப்புக்குத்தான் போக முடியும். 11-லிருந்து 12, பிறகு 12-லிருந்து 13. நேரே 13-க்குத் தாவ முயன்றவர்கள் பாதி வழியில் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பேக்கேஜ் புதுப்பிக்கப்படும்போது, பழைய பதிப்பு விட்டுவைத்த அமைப்புகளைப் புதிய முறைக்கு மாற்றும் சிறு நிரல்கள் அதனுடன் சேர்ந்து ஓடும். உடனடியாக முந்தைய பதிப்பு எப்படி இருந்தது என்பதை வைத்தே அவற்றை எழுதுகிறார்கள், சோதிக்கிறார்கள். இரண்டு பதிப்புக்கு முந்தைய நிலைமை அவற்றுக்குத் தெரியாது. ஆதரவு முடிந்த பதிப்புகளைக் கொஞ்ச காலத்தில் வழக்கமான சர்வர்களிலிருந்து எடுத்து ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றிவிடுவார்கள். அப்போது முகவரியையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். விட்டுவைக்க விட்டுவைக்க ஏற வேண்டிய படிகள்தான் கூடுகின்றன.

லேப்டாப்பின் வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். எக்ஸ்220 வந்தது 2011-ல். இன்டெலின் இரண்டாம் தலைமுறை கோர் செயலி, 64 பிட். டெபியன் 13-ஐயும் அது தாங்கும். ஆனாலும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ரேம் குறைவான பழைய லேப்டாப்களில் 32 பிட் பதிப்பைப் போட்டுக் கொடுக்கிற வழக்கம் கடைகளில் இருந்தது. டெர்மினலைத் திறந்து ‘யூநேம்’ என்ற கட்டளையோடு ஒரு கோடும் ‘எம்’ என்ற எழுத்தும் சேர்த்து அடியுங்கள். பதில் 64 என்று முடிந்தால் நிம்மதி. ‘ஐ686’ என்று வந்தால் உங்கள் பாதை வேறு. பிசிகளுக்கான 32 பிட் கெர்னலும் நிறுவியும் டெபியன் 12-உடன் முடிந்துவிட்டன. 13-ல் அவை இல்லை. அப்படியானால் கோப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு 64 பிட் பதிப்பைப் புதிதாக நிறுவுவதுதான் பத்திரமான வழி. கீழே நான் எழுதப்போவது 64 என்று பதில் வந்தவர்களுக்கு.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். பதிப்பு மாறும்போது ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒரே மூச்சில் எழுதப்படும். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் டிஸ்க் அன்றைக்குத்தான் படுக்கும். ‘ஸ்மார்ட்மான்டூல்ஸ்’ பேக்கேஜை நிறுவி டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையைப் பாருங்கள். ‘ரீஅலோகேட்டட் செக்டர்’, ‘பென்டிங் செக்டர்’ என்ற இரண்டு வரிகளின் கடைசி எண்ணும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கி மாற்றுங்கள். எக்ஸ்220-க்குள் 7 மில்லிமீட்டர் தடிமன்தான் போகும், கடையில் சொல்லி வாங்குங்கள். பூஜ்யமாகவே இருந்தாலும் மாற்றலாம் என்பது என் கருத்து. 4 ஜிபி ரேமோடு சுழலும் டிஸ்க்கும் சேர்ந்துதான் உங்கள் லேப்டாப்பை மந்தமாக்குகிறது. செயலிமேல் குற்றமில்லை.

பேக்கப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்கிறேன். உங்கள் ஹோம் கோப்பகத்தை, புள்ளியில் தொடங்கும் மறைவான கோப்புறைகளோடு சேர்த்து, வெளி டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். ‘ஈடிசி’ கோப்பகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுத்ததிலிருந்து ஒரு வினாத்தாளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

இனி ‘சோர்சஸ்.லிஸ்ட்’ கோப்பு. பேக்கேஜ்களை எங்கிருந்து இறக்க வேண்டும் என்பது நாலைந்து வரிகளில் இதில்தான் இருக்கிறது. அந்த வரிகளில் ‘புல்ஸ்ஐ’ என்ற சொல் வரும். அது 11-இன் பெயர். அதை ‘புக்வார்ம்’ என்று மாற்றினால் 12. (13-இன் பெயர் டிரிக்சி. மூன்றும் ‘டாய் ஸ்டோரி’ படங்களில் வருகிற பொம்மைகள்: ஒரு குதிரை, கண்ணாடி போட்ட ஒரு புழு, நீல நிற டைனோசர் ஒன்று.) பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே வரிகளின் கடைசியைப் பாருங்கள். ‘மெயின்’, ‘கான்ட்ரிப்’, ‘நான்-ஃப்ரீ’ என்று பிரிவுகளின் பெயர்கள் இருக்கும். டெபியன் 12-லிருந்து ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்று நான்காவது பிரிவு ஒன்று சேர்ந்திருக்கிறது. வைஃபை சிப் போன்ற வன்பொருள்களுக்குள் ஏற்ற வேண்டிய, மூலநிரல் திறக்கப்படாத ஃபர்ம்வேர்களைத் தனியாக எடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். நிறுவும்போதே அவற்றைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்று 2022-ல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி, சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். கட்டற்ற மென்பொருள் கொள்கையில் இம்மியும் அசையாதவர்கள் என்று பெயரெடுத்த சமூகம், வைஃபை இல்லாமல் தவிக்கும் சாதாரணப் பயனர்களை நினைத்து எடுத்த முடிவு அது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

எக்ஸ்220-ல் பெரும்பாலும் இன்டெல் வைஃபை அட்டைதான் இருக்கும். அதற்கும் இந்த ஃபர்ம்வேர் வேண்டும். புதிய பிரிவை எழுத மறந்தால் பழைய ஃபர்ம்வேர் அப்படியே தேங்கிவிடும், திருத்தங்கள் வராது. அதனால் நான்கு பிரிவுகளையும் எழுதிவிடுங்கள். வேறு நிறுவனங்களின் களஞ்சியங்களை நீங்களாகச் சேர்த்திருந்தால் அந்த வரிகளின் முன்னால் ‘#’ போட்டு இப்போதைக்கு முடக்கிவையுங்கள். எதற்கும் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் வருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு இந்த ஃபர்ம்வேர் எதுவும் தேவையில்லை. வைஃபை படுத்துவிட்டால் கைகொடுக்கும்.

வேலையைத் தொடங்கும் நாளில் சார்ஜரைச் செருகியே வையுங்கள், பழைய பேட்டரியை நம்ப வேண்டாம். முதலில் 11-க்குள்ளேயே வர வேண்டிய அப்டேட்கள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். பிறகு கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போய் அங்கிருந்து செய்யுங்கள். நடுவில் திரை பூட்டிக்கொண்டு, திறக்க வேண்டிய நிரலே பாதி மாறிய நிலையில் கடவுச்சொல்லை ஏற்காமல் நிற்கும் ஆபத்து இதனால் இல்லை. ‘ஸ்கிரிப்ட்’ என்ற கட்டளையை முதலில் கொடுத்துவிட்டால் திரையில் ஓடுவதெல்லாம் ஒரு கோப்பில் பதிவாகும்.

‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்தபின் இரண்டு கட்டம். முதலில் ‘ஆப்ட் அப்கிரேட்’, புதிய பேக்கேஜ்கள் வேண்டாம் என்ற ‘வித்அவுட்-நியூ-பிகேஜிஎஸ்’ விருப்பத்தோடு. எதையும் நீக்காமல், சேர்க்காமல் மாற்றக்கூடியவற்றை மட்டும் இது மாற்றும். அடுத்து ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’. இங்கே ‘ஒய்’ அழுத்துவதற்கு முன்னால் நீக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். சில பழைய நூலகங்கள் போவது இயல்பு. உங்கள் டெஸ்க்டாப்போ லிப்ரெஆஃபிஸோ அதில் இருந்தால் ‘என்’ கொடுத்து நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். எவ்வளவு இறக்க வேண்டும் என்பதையும் அங்கேயே காட்டும். ஒரு ஜிபிக்கு மேல் இருக்கும். ‘டவுன்லோட்-ஒன்லி’ விருப்பத்தோடு முந்தின இரவே இறக்கி வைத்துக்கொண்டால், நிறுவும்போது நெட் போனாலும் கவலையில்லை.

ஓடுகிற இயங்குதளத்தின் அடித்தளத்தையே மாற்றினால் எப்படி ஓடிக்கொண்டே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். குடியிருந்துகொண்டே வீட்டுக்கு ஓடு மாற்றுகிற வேலைதான் இது. ஏற்கனவே திறந்திருக்கும் நிரல்கள் பழைய நூலகங்களின் பிரதியை நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். டிஸ்க்கில் புதியது வந்தாலும், மூடித் திறக்கும்வரை அவை பழையதிலேயே வேலை செய்யும். புதிதாகத் திறப்பவை புதியதை எடுத்துக்கொள்ளும். இந்த இடைக்காலத்தில் பிரவுசர் போன்ற பெரிய நிரல்கள் தடுமாறும் என்பதால் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் மூடிவிடுங்கள்.

நடுவில் கேள்விகள் வரும். சில சமயம் பக்கம் பக்கமாக ஆங்கிலச் செய்தி ஒன்று திரையை நிறைத்துக்கொண்டு நிற்கும். லேப்டாப் உறைந்துவிட்டது என்று நினைத்து ஆஃப் செய்துவிடாதீர்கள். அது மாற்றங்களைச் சொல்லும் அறிவிப்பு. படித்துவிட்டு ‘க்யூ’ அழுத்தினால் வேலை தொடரும். ஒரு அமைப்புக் கோப்பை நீங்கள் எப்போதோ மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜோடு வேறு வடிவம் வருகிறது, எதை வைக்கட்டும் என்று கேட்பது இன்னொரு கேள்வி. ‘ஒய்’ என்றால் புதியது, ‘என்’ என்றால் உங்களுடையது, ‘டி’ என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். முதலில் ‘டி’ அழுத்திப் பாருங்கள். புரியவில்லையென்றால் என்டர் தட்டுங்கள். உங்களுடையது இருக்கும், புதியது வேறு பெயரில் அதன் பக்கத்திலேயே சேமிக்கப்படும். எதுவும் தொலையாது.

எஸ்எஸ்டி மாற்றியவர்கள் மிகக் கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் வரும் க்ரப் நிரல், தான் எந்த டிஸ்க்கில் நிறுவப்பட்டது என்று அதன் அடையாள எண்ணோடு குறித்துவைத்திருக்கும். பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுத்திருந்தால் அந்தக் குறிப்பு கழற்றிப்போட்ட டிஸ்க்கைக் காட்டும். அதனால் எந்த டிஸ்க்கில் க்ரப்பை நிறுவட்டும் என்று கேட்கும். பட்டியலில் எஸ்எஸ்டியின் முழுப் பெயருக்கு நேரே ஸ்பேஸ்பாரைத் தட்டி, நட்சத்திரக் குறி விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். எதையும் தேர்ந்தெடுக்காமல் கடந்துவிட்டால் க்ரப்பின் ஒரு பாதி புதியதாகவும் மறுபாதி பழையதாகவும் நின்று, அடுத்த முறை ஆன் செய்யும்போது லேப்டாப் பூட் ஆகாமல் போகலாம்.

கரண்ட் போய் நடுவில் நின்றால் பயப்படாதீர்கள். மறுபடி ஆன் செய்து ‘டிபிகேஜி’ கட்டளையை ‘கான்ஃபிகர்’ விருப்பத்தோடு, ஒரு கோடும் ‘ஏ’ என்ற எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து அமைப்பு வேலையை எடுத்துக்கொள்ளும். முடிந்து ரீபூட் செய்த பிறகு திரை வரவில்லையென்றால், க்ரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போங்கள். பழைய 5.10 கெர்னல் புதிய 6.1-இன் கீழே இருக்கும். அதில் ஏறி, நிதானமாகச் சரிசெய்யலாம். அதனால்தான் புதியது சில நாள் ஒழுங்காக ஓடும்வரை ‘ஆட்டோரிமூவ்’ கட்டளையின் பக்கம் போக வேண்டாம் என்கிறேன். அதே லேப்டாப்பில் இருக்கும் மகனுடைய விண்டோஸ் மெனுவில் காணாமல் போயிருந்தால் அதுவும் அழியவில்லை. மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் டெபியன் 12-லிருந்து தானாக ஓடுவதில்லை. க்ரப்பின் அமைப்புக் கோப்பில் அதைத் தடுக்கும் வரியை ‘ஃபால்ஸ்’ என்று மாற்றி ‘அப்டேட்-க்ரப்’ கொடுத்தால் விண்டோஸ் வந்துவிடும்.

தமிழ்99-க்கு வருகிறேன். தட்டச்சுக்கு நீங்கள் பயன்படுத்தும் உள்ளீட்டு நிரல் ஐபஸ், அதன் பின்னால் எம்17என். உங்கள் விசைப்பலகைத் தேர்வு ஹோம் கோப்பகத்துக்குள் இருக்கிறது, மேம்படுத்தும் வேலை அங்கே கைவைப்பதில்லை. விசைப்பலகை மெனுவில் தமிழ் வரவில்லையென்றால் ‘ஐபஸ்-எம்17என்’ பேக்கேஜ் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நிறுவி, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். பாமினியில் அடித்த பழைய வினாத்தாள்கள் இருப்பதாகச் சொன்னீர்கள். அந்த எழுத்துருக் கோப்பு உங்கள் ஹோமுக்குள் இருந்தால் அதுவும் பத்திரம். ஆனாலும் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எழுத்துருவை நம்பியிருக்கும் ஆவணம் எந்த இயங்குதளத்திலும் நெடுநாள் நிலைக்காது.

க்னோம் டெஸ்க்டாப் 4 ஜிபியில் திணறினால் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பையும் நிறுவிக்கொண்டு, உள்நுழையும் திரையில் அதைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் ரேமை 8 ஆக்குங்கள்.

புக்வார்மில் ஓரிரு வாரம் வேலை செய்து, பிரிண்டர், வைஃபை, தமிழ் மூன்றும் சரியென்று தெரிந்ததும் டிரிக்சிக்கு ஏறுங்கள். அதன் நீண்டகால ஆதரவு 2030 ஜூன் வரை இருக்கிறது. முறை இதேதான், இரண்டு வேறுபாடுகள் மட்டும். ‘பூட்’ பகுதியைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தால் அது 768 எம்பியாவது இருந்து, 300 எம்பி காலியாக இருக்க வேண்டும் என்று வெளியீட்டுக் குறிப்பு சொல்கிறது. பெரும்பாலும் டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்தவர்களுக்குத்தான் இது இடிக்கும். அடுத்து, ‘டெம்ப்’ கோப்பகம் 13-லிருந்து ரேமில் இருக்கும்; ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளலாம், ஆஃப் செய்தால் காலியாகிவிடும். இறக்கிய பிடிஎஃப்களை அங்கே போட்டுவைக்கும் பழக்கம் உங்களுக்கு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏறுவதற்கு முன் அவற்றை ஹோமுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்து வரும் விடுமுறையில் செய்யுங்கள், வினாத்தாள் வாரத்தில் வேண்டாம். எங்காவது நின்றுவிட்டால் ‘ஸ்கிரிப்ட்’ பதிவுசெய்த கோப்பை அப்படியே எனக்கு அனுப்புங்கள். கடைசி ஐம்பது வரி போதும், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்