காட்டு வழியில் கண்டெடுத்த திறப்பு



சென்ற மாதம் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, மண்டபத்திலே சோறு உண்டு ஓய்ந்திருந்த வேளையில், எனது மகள் பாடசாலையில் பழகிய விளையாட்டொன்றைத் தொடங்கினாள். "எல்லாரும் கண்ணை மூடுங்கோ. நீங்கள் ஒரு காட்டுக்குள்ளே நடந்து போறீங்கள். அது என்ன மாதிரிக் காடு? வழியிலே ஒரு திறப்புக் கிடக்குது, என்ன செய்வீங்கள்? ஒரு கரடி நிக்குது, என்ன செய்வீங்கள்?" பிறகு தண்ணீர், கடைசியில் ஏறமுடியாத ஒரு மதில். எல்லாரும் சொல்லி முடிந்ததும் கையிலிருந்த விடைத்தாளைப் பார்த்து அவரவர் குணத்தை வாசித்தாள். திறப்பு கிடைக்கும் வாய்ப்பாம், கரடி வாழ்க்கையில் வரும் துன்பமாம், தண்ணீர் காதலாம், மதில் மரணமாம்.

எங்களுடன் இருந்த நண்பரொருவர் தண்ணீரில் கால் வைக்கவே மாட்டேன் என்றிருந்தார். "மாமாவுக்குக் காதல் எண்டால் பயம்" என்று மகள் வாசிக்க, அவர் மனைவி உட்பட மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் 1990களின் தொடக்கத்தில், சிறுவனாய் இருந்தபோது, இரவிலே கிளாலிக் கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்து வந்தவர் அவர். அந்தக் கதை எனக்குத் தெரியும், விடைத்தாளுக்குத் தெரியாது.

நான் தொழிலால் கணக்காளன். இந்த விடைத்தாளில் எனக்கு உறுத்தியது இதுதான்: ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே ஒரு தொகை எழுதியிருக்கிறது, பற்றுச்சீட்டைத்தான் காணவில்லை. ஆகவே சிறிது தேடிப் படித்தேன்.

இத்தகைய கற்பனைப் பயணங்கள் 1990களில் உலகெங்கும் பரவின. யப்பானில் 'கோகொலொஜி' என்ற பெயரில் தொலைக்காட்சியிலும் நூல்களிலும் வந்தன. அமெரிக்காவில் 1995 இல், பாலைவனத்தில் ஒரு கனசதுரத்தைக் கற்பனை செய்யச் சொல்லும் நூலொன்று வெளிவந்தது. இவை பொழுதுபோக்கு. இவற்றுக்கு முன்பே ஹான்ஸ்கார்ல் லொய்னர் என்ற ஜேர்மன் மனநல மருத்துவர் 1950களில் இதையொத்த முறையொன்றைச் சிகிச்சைக்காக வகுத்திருந்தார். நோயாளியைத் தளர்வாக இருக்கச் செய்து புல்வெளி, ஓடை, மலை, வீடு, காட்டின் ஓரம் என்று ஒவ்வொன்றாக மனக்கண்ணில் காணச் சொல்வார். அங்கே மருத்துவர் கூடவே வழித்துணையாக நடந்து, கண்டது என்ன, அப்போது நெஞ்சில் என்ன தோன்றியது என்று கண்டவரிடமே கேட்டு அறிவார். விடைத்தாள் விளையாட்டு அந்த உரையாடலை நீக்கிவிட்டு அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டது.

அப்படியானால் வாசித்ததும் "அட, சரியாகச் சொல்லுதே" என்று ஏன் தோன்றுகிறது? 1948 இல் அமெரிக்க உளவியலாளர் பேட்ராம் ஃபோரர் தமது மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவு எழுதியதுபோல ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5 க்குப் புள்ளியிடச் சொன்னார். சராசரி 4.26. உண்மையில் எல்லாருடைய தாளிலும் இருந்தது ஒரே வாசகம், கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது! நம் வீடுகளில் வார பலன் வாசிப்பவர்கள் கோபிக்கவேண்டாம், நானும் வாசிப்பவன்தான்.

இனி நம்மவர் பக்கம் வருவோம். நிலத்தைக் கொண்டு மனத்தைச் சொல்லும் கலை தமிழருக்குப் புதிதன்று. குறிஞ்சி என்றால் கூடல், முல்லை என்றால் காத்திருத்தல், நெய்தல் என்றால் இரங்கல் என்று அகப்பாட்டுக்குத் தொல்காப்பியம் இலக்கணம் சொன்னது. ஏ. கே. இராமானுசன் 1967 இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தபோது நூலுக்கு இட்ட பெயரே உள்ளத்து நிலக்காட்சி என்று பொருள்படுவது. இதுவும் ஒரு விடைத்தாள்தானே என்று கேட்கலாம். ஆனால் அங்கே பாடியவனும் கேட்டவனும் ஒரே நிலத்தின் பூவையும் பறவையையும் அறிந்தவர்கள். ஒரு நிலத்துப் பூவும் பறவையும் இன்னொரு நிலத்தில் வந்தால் அதையும் ஏற்கலாம் என்று தொல்காப்பியமே இடம் வைத்தது. திணைமயக்கம் என்று படித்திருப்பீர்கள். நம் பிள்ளைகளின் மனக்காடு முழுக்கத் திணைமயக்கந்தான்.

கரடியையே எடுங்கள். டென்மார்க்கில் காட்டுக் கரடி இல்லை. ஓநாய்கூட நீண்ட காலம் இல்லாமலிருந்து 2012 இல்தான் மறுபடி யூலண்டில் உறுதிசெய்யப்பட்டது. இங்கு வளர்ந்த பிள்ளைக்குக் கரடி என்றால் படுக்கையில் அணைத்துக்கொள்ளும் பொம்மை, டேனிஷ் தொலைக்காட்சியில் 1983 முதல் வந்த மஞ்சள் நிறப் 'பம்சே'. என் மகள் கரடியுடன் கைகுலுக்குவேன் என்றாள். துன்பத்தைத் துணிவோடு சந்திப்பவள் என்று தாள் புகழ்ந்தது. வன்னிக் காட்டில் விறகும் தேனும் எடுக்கப் போனவர்களுக்குக் கரடி முகத்தைக் கிழிக்கும் விலங்கு. அவர்கள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தால் அது கோழைத்தனமா? காட்டை அறிந்தவனின் புத்தி அது.

அன்று எனக்கு மனம் பாரமானது திறப்பினால்தான். மூன்று மாத விசாவில் வந்திருக்கும் எனது அம்மா, "எடுத்துச் சீலைத் தலைப்பிலே முடிஞ்சு வைப்பன்" என்றார். மகள் தாளைப் பார்த்தாள். கிடைத்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் பூட்டி வைப்பவர் என்று வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னேன்: "தாளை வைச்சிட்டு, அப்பம்மாட்டை ஒரு கேள்வி மட்டும் கேள். ஏன் எண்டு கேள்." பெற்றோர்களே, இந்த விளையாட்டை நீங்களும் வீட்டில் விளையாடலாம், நல்ல விளையாட்டுத்தான். விடையைச் சொல்லாதீர்கள். காட்டில் எந்த மரம் நின்றது, மதிலுக்கு அப்பால் ஏதும் கேட்டதா என்று கேளுங்கள். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். சிலருடைய காட்டில் நடந்தவற்றைச் சோற்றுப் பந்தியில் சொல்லமுடியாது.

மகள் போய்க் கேட்டாள். "அப்பம்மா, அது எந்தக் கதவின்ரை திறப்பு?"

அம்மா கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கியபோது, முன்கதவைப் பூட்டித் திறப்பைச் சீலையில் முடிந்ததைச் சொன்னார். அடுத்த வருடம் திரும்பிப் போனபோது கதவும் இல்லை, நிலையும் இல்லை, படலை மட்டும் நின்றதாம். திறப்பை எறிய மனம் வரவில்லை. இப்போதும் ஊரில் அலுமாரிக்குள் இருக்கிறதாம்.

இருபது வருடத்துக்கு மேலாக அம்மாவின் கடிதங்களையும் தொலைபேசி அழைப்புகளையும் கேட்டுவரும் எனக்கு, அந்தத் திறப்பு அலுமாரியில் இருப்பது அன்றுதான் தெரியும். மகள் அதன் நீளம் எவ்வளவு என்று கேட்டாள். அம்மா விரலால் அளந்து காட்டினார்.