பெந்தெகொஸ்தே சபைக்குப் போவதா? சேருமுன் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

"எங்க சபைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்களேன்" என்று பக்கத்து வீட்டு அக்காவோ கூட வேலை பார்ப்பவரோ கூப்பிட்டிருப்பார். உங்கள் வீட்டில் ஒரு நோயாளி இருக்கலாம், குடியை விடமுடியாத கணவர் இருக்கலாம். இல்லை, சிஎஸ்ஐ கோயிலில் சிறுவயது முதல் உட்கார்ந்தும் மனதுக்குள் ஒன்றும் அசையவில்லையே என்ற ஏக்கமாக இருக்கலாம். இப்படி அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆராதனையைப் பற்றித்தான் கேட்கிறார்கள்: கைதட்டல் சரியா, அந்நிய பாஷை உண்மையா, தலையில் கை வைத்ததும் கீழே விழுகிறார்களே, அது என்ன? இவற்றுக்கு ஆளுக்கொரு பதில் உண்டு. நான் பார்க்கச் சொல்வது வேறு இடத்தில். திங்கள் முதல் சனி வரை உங்கள் மருந்தையும் பணத்தையும் கல்யாணத்தையும் கேள்விகளையும் அந்தச் சபை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். சேருவதா வேண்டாமா என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

சாதாரண நாட்களில் போங்கள். கன்வென்ஷனுக்கு வெளியூர்ப் பிரசங்கியார் வருவார், மேடை பெரிதாக இருக்கும், இசை காதைப் பிளக்கும். அதை வைத்துச் சபையை எடைபோட முடியாது. ஒரு மாதமாவது ஞாயிறு ஆராதனைக்குப் போய்ப் பின்வரிசையில் இருங்கள். வாரநாளில் நடக்கும் வேதபாடத்துக்கும், முடிந்தால் ஒரு விசுவாசி வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கும் போங்கள். வேதபாடத்தில் யாராவது எழுந்து, "பாஸ்டர், போன வாரம் வேற மாதிரி சொன்னீங்களே" என்று கேட்டால் பாஸ்டர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒத்துப்பார்த்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் பாராட்டுகிறது. பவுலுக்குப் பொருந்திய சோதனை உங்கள் தெருப் பாஸ்டருக்கும் பொருந்தும்.

எந்த வகைச் சபை என்று தெரிந்துகொள்ளுங்கள். பெந்தெகொஸ்தே என்ற ஒரே பெயருக்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல சபைகள் இருக்கின்றன. 1914இல் அமெரிக்காவில் உருவான அசெம்பிளிஸ் ஆஃப் காட் திரித்துவத்தை ஏற்பது. அதன் போதகர்கள் ஓர் அமைப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். நம் மக்கள் இன்றும் 'சிலோன் பெந்தெகொஸ்தே' என்று சொல்லும் தி பெந்தெகொஸ்தே மிஷன் 1920களில் இலங்கையில் தொடங்கியது; இப்போது அதன் தலைமையிடம் தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூர். அதன் ஊழியர்கள் திருமணம் செய்யாமல், வெள்ளை உடுத்தி, விசுவாச வீடுகளில் சேர்ந்து வாழ்கிறவர்கள். இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகள் திரித்துவத்தை ஏற்பதில்லை. நீங்கள் முன்பே முழுக்கு ஞானஸ்நானம் எடுத்திருந்தாலும் மறுபடியும் எடுக்கச் சொல்வார்கள். இவை எதிலும் சேராத தனிச் சபைகளும் ஏராளம். அங்கே போதகர் சொல்வதுதான் சட்டம் என்று ஆகிவிடும் வாய்ப்பு அதிகம், ஆகவே விசாரிப்பும் அதிகம் வேண்டும். கத்தோலிக்கர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1967இல் பிட்ஸ்பர்க் நகரின் டுகேன் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஒரு தியானத்தில் தொடங்கிய அருங்கொடை இயக்கத்தில், திருப்பலியை விட்டு விலகாமலே இதே துதியும் ஜெபமும் கிடைக்கும். நீங்கள் தேடுவது உயிருள்ள ஜெபம் மட்டும்தான் என்றால், இருக்கும் சபையிலேயே அதற்கு இடம் உண்டா என்று முதலில் பாருங்கள்.

போதகரை நேரில் பார்த்துக் கேளுங்கள். அவர் யாருக்குப் பதில் சொல்லவேண்டியவர்? காணிக்கைக் கணக்கை ஆண்டுதோறும் சபைக்கு வாசிக்கிறார்களா? நிலமும் கட்டடமும் அறக்கட்டளையின் பெயரில் இருக்கின்றனவா, குடும்பத்தின் பெயரிலா? அவருக்குப் பின் மகன்தான் பாஸ்டர் என்று இப்போதே முடிவாகிவிட்டதா? நல்ல போதகர் இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

சுகம் கிடைக்காதவரைத் தேடிப் பாருங்கள். சாட்சி நேரத்தில் சுகமானவர்கள் பேசுவார்கள். அதைக் கேட்டு நானும் மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் புற்றுநோய்க்காக உபவாசமிருந்து ஜெபித்தும் மனைவியை இழந்தவர் அதே சபையில் இருப்பார். அவர் இப்போது எங்கே உட்காருகிறார்? அடக்கத்துக்குப் பிறகு அவர் வீட்டுக்கு யார் சாப்பாடு கொண்டுபோனார்கள்? "விசுவாசம் போதவில்லை" என்று யாராவது அவரிடம் சொன்னார்களா? துக்கப்படுகிறவனிடம் அதைவிடக் கொடிய வார்த்தையைச் சொல்ல முடியாது. அதைச் சொல்லும் சபையில் எவ்வளவு அருமையான பாடல் இருந்தாலும் உங்கள் பிள்ளைகளை அங்கே கொண்டுபோகாதீர்கள். மாறாக, மாதக்கணக்கில் அந்த வீட்டுக்குப் போய்வரும் சபையாக இருந்தால், அங்கே உங்களுக்கும் இடமிருக்கிறது.

ஞானஸ்நானத்துக்கு முன் சட்டத்தையும் காகிதங்களையும் விசாரியுங்கள். இதை ஆவிக்குரிய விஷயமாக யாரும் நினைப்பதில்லை. அதனால்தான் பிறகு அழுகிறார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து, சீக்கியம், பௌத்தம் தவிர வேறு சமயத்தைச் சேர்ந்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இந்தச் சட்டம் அநியாயமானது என்பது என் எண்ணம். சாதி மதம் மாறியவரையும் விடுவதில்லை, உரிமை மட்டும் விட்டுப்போகிறது. ஆனால் சட்டம் இன்று இப்படித்தான் இருக்கிறது. உங்கள் மகளின் கல்லூரி இடமும் மகனின் வேலையும் இதில் இருப்பதால், தண்ணீரில் இறங்குமுன் தெரிந்து இறங்குங்கள்.

கல்யாணமும் அப்படியே. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, தனிச் சபைப் போதகர் திருமணம் நடத்திவைக்க அரசு உரிமம் வேண்டும். சிஎஸ்ஐயில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, எல்லாம் தானாக நடந்துவிடும். இங்கே நீங்கள்தான் கேட்கவேண்டும். அதோடு, சாவு வந்தால் அடக்கம் எங்கே? பல தனிச் சபைகளுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. பழைய சபையின் அங்கத்தினர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தபின், அப்பாவின் பெட்டியை வைத்துக்கொண்டு சேகர குருவிடம் கெஞ்சும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது.

வீட்டாரிடம் மறைக்காமல் பேசுங்கள். கணவருக்குத் தெரியாமல் தாலியைக் கழற்றிவிட்டு வந்து நிற்பதும், மாமியாருக்குத் தெரியாமல் முழுக்கு எடுப்பதும் வீட்டை இரண்டாக்கும். நகை போடக்கூடாது என்பது சபையின் பழக்கமாக இருந்தால், மனமிருந்தால் கழற்றுங்கள். கழற்றிய நகை உங்கள் வீட்டிலோ உங்கள் பெயரிலுள்ள வங்கி லாக்கரிலோ இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

மருந்தை நிறுத்தாதீர்கள். இதில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். முதல் வகை நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் விடாத வலிப்பு வரலாம். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மருந்து. இருமல் நின்றதும் சுகமானேன் என்று சாட்சி சொல்லி நடுவில் விட்டால், கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரலாம், பக்கத்தில் படுக்கும் குழந்தைக்கும் தொற்றலாம். மருந்தே எடுப்பதில்லை என்பதைத் தங்கள் ஊழியர்களுக்குக் கொள்கையாக வைத்திருக்கும் சபைகள் உண்டு. அது அவர்கள் தங்களுக்காகத் தெரிந்துகொண்ட பாதை. உங்கள் பிள்ளைக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்குக்கூடக் கிடையாது என்றே நான் சொல்வேன்.

கர்த்தர் சுகம் தந்ததாக நம்புகிறீர்களா? நல்லது. இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் காட்டுங்கள், மாத்திரையை அவர் குறைக்கட்டும். பத்துக் குஷ்டரோகிகளை இயேசு ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கச் சொன்னதாக லூக்கா எழுதுகிறார். சுகமானதைப் பார்த்து உறுதிசெய்யும் வேலை அன்று ஆசாரியருடையது. அந்த லூக்காவே ஒரு வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததாகவும் எழுதுகிறார். பவுலோடு ஊழியம் செய்தவர்களிலேயே நோயோடு இருந்தவர்கள் இருந்தார்கள். எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள், மாத்திரையும் போடுங்கள்.

மனநோயைப் பிசாசு என்று முடிவுகட்டி விட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் ஓயாமல் அழும் பெண்ணையும், காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் வாலிபனையும் முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. 'விடுதலை ஊழியம்' என்ற பெயரில் அடித்தாலோ பட்டினி போட்டாலோ, அதே நிமிடம் நோயாளியோடு வெளியேறுங்கள்.

தீர்க்கதரிசனத்தை மட்டும் நம்பிப் பெண் கொடுக்காதீர்கள், வேலையை விடாதீர்கள், வீட்டை விற்காதீர்கள். "கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்ற ஒரு வாக்கியத்துக்கு எதிர்ப்பேச்சே இல்லாத இடத்தில் பெண்பிள்ளைகள் அதிகம் துன்பப்படுகிறார்கள். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தருடைய வார்த்தை அல்ல என்று உபாகமம் 18 தெளிவாகச் சொல்கிறது. ஆகவே நடக்காமல் போன தீர்க்கதரிசனங்களைப் பற்றி இந்தச் சபையில் யாராவது வாய்திறக்கிறார்களா என்று பாருங்கள். மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கிறபடி விசாரியுங்கள்.

அந்நிய பாஷை வராவிட்டால் வந்ததாக நடிக்காதீர்கள். காத்திருப்புக் கூட்டத்தில் சுற்றி நின்று ஒரே சொல்லை வேகமாகச் சொல்லச் சொல்வார்கள். பக்கத்திலிருப்பவருக்கு வந்துவிடும், உங்களுக்கு வராது. அபிஷேகத்துக்கு அந்நிய பாஷையே முதல் அடையாளம் என்பது பல பெந்தெகொஸ்தே சபைகளின் போதனை. ஆனால் எல்லாரும் அந்நிய பாஷை பேசுகிறார்களா என்று பவுலே கொரிந்தியரிடம் கேட்கிறார். பேசுகிறவர்களும் இரண்டு மூன்று பேராக, ஒருவர்பின் ஒருவராக, அர்த்தம் சொல்ல ஆள் வைத்துக்கொண்டு பேசட்டும் என்று 14ஆம் அதிகாரத்தில் ஒழுங்கும் வகுக்கிறார். ஜெபத்தில் பொய் சொல்லப் பழகினால் பிறகு ஜெபிப்பதே கடினமாகிவிடும்.

கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். இருபதாயிரம் சம்பளத்தில் தசமபாகம் இரண்டாயிரம். மனமுவந்து கொடுத்தால் அது உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவிலுள்ள விஷயம். அதற்குமேல் 'விதை' விதைத்தால் நூறு மடங்கு வரும் என்று வாக்களித்து, மகளிர் குழுக் கடனையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் வாங்கிக்கொள்ளும் மேடைக்கு எதிரே உட்காராதீர்கள். கட்டாயத்தினால் கொடுக்கக்கூடாது என்பதும் பவுல் எழுதியதுதான்.

துக்க வீட்டிலிருந்து நேராகச் சபை மாறாதீர்கள். ஆறுதலுக்குப் போங்கள், அழுங்கள். முழுக்கு ஒரு வருடம் காத்திருக்கும்.

சத்தம் என்று சொல்லி ஒதுக்கிவிடாதீர்கள். பாரம்பரிய சபைக்காரர்களான நமக்கு இந்த வார்த்தை எளிதாக வருகிறது. இது அமெரிக்காவிலிருந்து வந்த கூத்து என்றும் சொல்கிறோம். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் 1906இல் பெந்தெகொஸ்தே இயக்கத்தை உலகெங்கும் பரப்பிய எழுப்புதல் நடப்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே, 1860இல், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பன் என்ற ஊழியர் நடத்திய சபையில் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டதாகப் பதிவுகள் இருக்கின்றன. அசூசா தெரு எழுப்புதலை நடத்திய வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்தவர்களின் மகன். நிறவெறி உச்சத்தில் இருந்த நாட்டில் கறுப்பரும் வெள்ளையரும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். நம் ஊரிலும், சேகர கமிட்டித் தேர்தலில் சாதி பார்க்கும் கோயிலில் வாய் திறக்காத ஒரு பெண், பெந்தெகொஸ்தே சபையில் மைக்கைப் பிடித்துத் தன் கணவன் குடியை விட்ட கதையைச் சொல்கிறாள். அவள் பேரைச் சொல்லி ஜெபிக்க அங்கே ஆள் இருக்கிறது. அவள் ஏன் போனாள் என்று நம் கோயில்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போன பிறகு பழைய சபையை ஏசாதீர்கள். உங்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த பாட்டி அந்தக் கோயிலில்தான் இருந்தார். அசனத்துக்குக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். பழைய சபைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகக்கூடாது என்று புதிய பாஸ்டர் சொன்னால், அவர் உங்களை உறவிலிருந்து பிரிக்கிறார் என்று அர்த்தம்.

சாபத்துக்குப் பயந்து தங்காதீர்கள். "இந்தச் சபையை விட்டுப் போனவர்களுக்கு என்ன நடந்தது தெரியுமா" என்று விபத்துகளையும் நோய்களையும் பட்டியலிடும் பிரசங்கம் கேட்டால், உங்களைப் பயத்தால் பிடித்துவைக்கிறார்கள். போக முடிவு செய்தால் பாஸ்டரிடம் நேரில், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போய், நன்றி சொல்லி விடைபெறுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழும் திருமணப் பதிவின் நகலும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெபக்கூட்டத்துக்காகக் கொடுத்த வீட்டுச் சாவி யாரிடமாவது இருந்தால் அதையும் வாங்கிவிடுங்கள். ஞாயிறு பள்ளியில் உங்கள் பிள்ளைக்குக் கிடைத்த சிநேகிதர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடுத்த பிறந்தநாளுக்கு அவர்களையும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.