கையெழுத்துப் போட்டுவிட்டேன், ராயல்டி கிடைக்குமா?

கேள்வி: 2014-ல் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு பாடல்கள் எழுதினேன். பாட்டுக்குப் பத்தாயிரம் கொடுத்து ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், நகல் தரவில்லை. ஒரு பாட்டு இன்னும் எஃப்.எம்.மிலும் யூடியூபிலும் ஓடுகிறது. தயாரிப்பாளரோ, “எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டீங்களே” என்கிறார். எனக்குப் பங்கு உண்டா ஐயா?
– பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: உண்டு. உங்களைக் காப்பாற்றுவது தேதி. பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் 21.6.2012-ல் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் கையெழுத்திட்டது அதற்குப் பிறகு. இப்போதுள்ள 18-வது பிரிவின்படி, படப் பாடலுக்கான ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைப் பாடலாசிரியர் தன் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, விட்டுக்கொடுக்கவும் முடியாது. அப்படி எழுதி வாங்கியிருந்தால் அந்த வாசகம் செல்லாது. பாட்டின் பதிப்புரிமை தயாரிப்பாளரிடமே இருக்கலாம், அது வேறு விஷயம். தியேட்டரில் படத்தோடு ஓடியதற்கு மட்டும் நீங்கள் கேட்க முடியாது.

ஆனால் இந்தப் பணம் வீடு தேடி வராது. எஃப்.எம்., டி.வி., இணையம், மேடைக் கச்சேரி ஆகியவற்றில் வசூலித்துப் பிரித்துத் தருவது மும்பையிலுள்ள ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கம். அதில் உறுப்பினராகி, பாடல்களைப் பதிவு செய்தால்தான் உங்கள் பெயருக்குக் கணக்கே தொடங்கும்.

பத்து வருஷத்துக்கு மேல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பாட்டு எழுதும்போது ஒரு சொல்லுக்காக இரண்டு நாள் யோசித்திருப்பீர்கள். கையெழுத்துப் போட்ட தாளை இரண்டு நிமிஷம் படித்தீர்களா? செல்போனில் ஒரு படமாவது எடுத்து வைக்கக் கூடாதா? பண வசூல் வழக்குகளுக்குப் பொதுவாக மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு. பழைய பாக்கியில் எவ்வளவு தேறும் என்று தாளைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.

டைட்டிலில் உங்கள் பெயர் வரும் காட்சி, ஆடியோ உறையின் படம், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், இசையமைப்பாளருடன் நடந்த வாட்ஸ்அப் பேச்சு எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். ஒப்பந்த நகல் கேட்டுத் தயாரிப்பாளருக்கு ஒப்புகையோடு கடிதம் அனுப்புங்கள். இனி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், ‘செட்டில்மென்ட்’ என்று அழைத்தாலும். இது பொதுவான விளக்கம்தான். தாள்களோடு பதிப்புரிமை வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை இந்த மாதமே நேரில் பாருங்கள்.