சிறு திரையும் செய்தியோடையும்

யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களில் வளர்ந்தோர் வாசிகசாலையை மறவார். அதன் நீண்ட மேசைமீது அன்றைய பத்திரிகைகள் யாவும் பரப்பப்பட்டிருக்கும். வருவோர் தமக்கு வேண்டியதை எடுத்து, வேண்டுமளவு வாசித்து, இருந்த இடத்திலே வைத்துச் செல்வர். இதனையே முதலில் வாசித்தல் வேண்டும் என ஏவுவார் அங்கு இலர். இணையத்திலே அம்மேசைக்கு ஒப்பாவது செய்தியோடை வாசிப்பான் என்னுங் கருவியாகும். அதனைக் கைத்தொலைபேசியின் சிறு திரைக்கு ஏற்ப அமைக்குமாறு யாதென எமது அநுபவங்கொண்டு மாணாக்கர்க்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் இணையத்தளம் தன் புதிய ஆக்கங்களின் தலைப்பு, திகதி, சுருக்கம், முகவரி என்பவற்றை ஒழுங்குபட எழுதிவைக்குங் கோப்பே செய்தியோடை. இம்முறை 1999 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் ஆர்.எஸ்.எஸ். என்னும் பெயரோடு தோன்றியது. 2002 இல் அதன் 2.0 ஆம் பதிப்பு வெளிவந்தது. வாசிப்பான் பல தளங்களின் ஓடைகளை இடையிடையே நோக்கி, புதியன யாவற்றையும் ஒரே பட்டியலாகத் தரும். எவ்வெத் தளங்கள் பட்டியலில் இடம்பெறல் வேண்டும் என்பதை வாசகரே தீர்மானிப்பர். வாசகர் விரும்பக்கூடியது இதுவெனத் தாமே கணித்து முன்தள்ளும் சமூக வலைத்தளங்களினின்று இக்கருவி வேறுபடுவது இதனாலேயாம்.

மேசைக் கணினிக்கென எழுந்த வாசிப்பான்கள் பெரும்பாலும் மூன்று பத்திகளை உடையன: இடப்புறம் தளங்களின் பெயர்கள், நடுவே தலைப்புகள், வலப்புறம் கட்டுரை. இம்மூன்றையுங் கைத்தொலைபேசியிற் சுருக்கிக் காட்டினால் எழுத்துக்கள் எறும்பினுஞ் சிறியனவாகும். 2007 இல் ஐபோன் வெளிவந்தபோது அதன் உலாவி பக்கத்தை 980 பிக்சல் அகலமுடையதாகக் கொண்டு வரைந்து, பின்னர்த் திரைக்கேற்பச் சுருக்கிற்று. சுருக்காது சாதனத்தின் மெய்யான அகலத்தையே கொள்க என உலாவிக்கு உணர்த்தும் ‘வியூபோர்ட்’ என்னும் ஒருவரிக் குறிப்பைப் பக்கத்தின் தலைப்பகுதியில் இடுதலே முதற்பணி.

அடுத்தது பத்திகளைப் பிரித்தல். 2010 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஈதன் மார்க்கொட் என்பார், ஒரே பக்கம் திரையின் அகலத்திற்கேற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்ளும் முறையை விளக்கி எழுதினார். அம்முறையைப் பின்பற்றி யாம் சிறிய திரையிலிருந்தே தொடங்கினோம். அங்கே ஒருகாலத்து ஒரு பத்தியே தோன்றும். தளத்தைத் தொட்டால் தலைப்புகளும், தலைப்பைத் தொட்டால் கட்டுரையும் வரும். அகன்ற திரையில் அவை அருகருகே அமையும். கட்டுரையினின்று மீளுங்கால் வாசகர் பட்டியலில் விட்ட இடத்திலேயே வந்து நிற்றல் வேண்டும். ஒவ்வொரு முறையும் பட்டியலின் உச்சிக்குத் திருப்பிவிடப்படின், நாற்பதாவது தலைப்பை வாசிக்குமுன் அவர் பொறுமை இழப்பார்.

மூன்றாவது தொடுகை பற்றியது. ஈண்டு எமது தவறொன்றைக் கூறுதல் கடன். யாம் முதலில் அமைத்த பக்கத்தில் ‘அடுத்தது’ என்னும் பொத்தானுக்கு அண்மையிலே ‘யாவும் வாசித்தாயிற்று’ என்னும் பொத்தானையும் வைத்திருந்தோம். அதனைப் பரீட்சித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பெருவிரல் சற்றே விலகிற்று. மூன்று வாரங்களாக அவர் வாசிக்கவெனச் சேர்த்துவைத்தவை ஒரு நொடியில் மறைந்தன. “என் விரலின் பிழை, தம்பி” என்றார் அவர். பிழை விரலினுடையதன்று, எம்முடையதே. ஓர் இலக்கை எட்டுதற்குரிய நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என 1954 இலேயே உளவியலறிஞர் போல் பிற்ஸ் நிறுவியுள்ளார். 2023 இல் வெளிவந்த இணைய அணுகல் வழிகாட்டியின் 2.2 ஆம் பதிப்பு, தொடுமிடம் குறைந்தது 24 பிக்சல் அகலமும் உயரமும் உடையதாதல் வேண்டும் என்கின்றது; அப்பிள் நிறுவனத்தின் பரிந்துரை 44 புள்ளிகள். யாம் பொத்தான்களைப் பெருப்பித்து, அடிக்கடி வேண்டுவனவற்றைப் பெருவிரல் எட்டும் அடிப்பாகத்தில் வைத்து, அழிக்குந் தன்மையுடையதை வேறு பட்டியலுக்கு அகற்றினோம். அதனைத் தொட்டபின்னரும் ‘மீட்க’ என்னும் வாய்ப்புச் சிறிது நேரம் நிற்குமாறு செய்தோம்.

நான்காவது எழுத்து. தமிழெழுத்தின் மேல்விலங்கும் புள்ளியும் மேலே எழும். கீழ்விலங்கு கீழே இறங்கும். ஆகவே ஆங்கிலத்திற்கு ஏற்ற வரியிடைவெளி தமிழுக்குப் போதாது. எழுத்தளவின் 1.6 மடங்கு எமக்கு ஏற்றதாயிற்று. சந்தியாற் புணர்ந்த நீண்ட சொற்கள் சிறு திரையின் விளிம்பைக் கடந்து ஓடாவண்ணம் அவற்றை மடித்தற்குரிய விதியை எழுதல் வேண்டும். எழுத்தைப் பெருப்பிக்கும் வாய்ப்பை ஒருபோதும் தடுத்தலாகாது. 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாது வாசிக்க முடிகின்றதா எனச் சோதித்தல் நன்று.

ஐந்தாவது தரவின் பாரம். யூ.ரி.எப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைற்று இடங்கொள்ளும். ககரமும் ஒகரக் குறியுஞ் சேர்ந்த ‘கொ’ ஆறு பைற்றாகும். ஆயினும் சேவையகம் சுருக்கி அனுப்பின் இச்சுமை பெரிதும் குறையும். மெய்யான பாரம் படங்களே. அவற்றை வாசகர் அணுகும்பொழுது மாத்திரம் இறக்குதலும், இறங்குமுன்னரே உரிய இடத்தை ஒதுக்கி வைத்தலும் வேண்டும். இன்றேல் வாசித்துக்கொண்டிருக்கும் வரி கண்முன்னே துள்ளி ஓடும். ஓடைகளில் வரும் அந்நிய நிரற்கட்டளைகளை நீக்கிவிடுதல் பாதுகாப்பிற்கு இன்றியமையாதது. சேவையகமும் ஓடை முழுவதையும் மீண்டும் மீண்டும் இறக்குதல் வேண்டா. கடந்தமுறைக்குப் பின் மாற்றம் உண்டோ எனக் கேட்டு, 304 என்னும் மறுமொழி பெறின் அமையலாம்.

இறுதியாக ஒரு வரலாறு. 2005 இல் தொடங்கிய கூகிள் றீடர் 2013 ஆம் ஆண்டு யூலை 1 ஆந் திகதி மூடப்பட்டது. தம் தளப்பட்டியலை ஓ.பி.எம்.எல். கோப்பாக எடுத்துவைத்தோர் வேறொரு வாசிப்பானில் அதனை இட்டு மறுநாளே வாசிப்பைத் தொடர முடிந்தது. ஆதலால் பட்டியலை வெளியே எடுக்கும் பொத்தான் சிறு திரையிலும் எளிதிற் காணுமாறு இருத்தல் வேண்டும். கைத்தொலைபேசியன்றி வேறு கணினி இல்லாதார்க்கும் அவ்வுரிமை உண்டு.

திருத்திய பக்கத்தை அவ்வாசிரியரிடமே மீண்டுங் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அரைமணி நேரம் வாசித்தார், எதுவும் மறைந்திலது. எமது கல்லூரி மாணாக்கர் இத்தகைய கருவியொன்றைத் தாமே அமைத்துப் பார்த்தல் வேண்டும் என்பது எமது அவா. அமைத்தபின் அதனை முதலில் தம் வீட்டு முதியோர் கையிற் கொடுத்து, வாய்திறவாது அருகிருந்து நோக்குவாராக.