அலுவலக குரூப்பில் அரசியல் பேசலாமா?

திருச்சி தென்னூர் உழவர் சந்தைத் திடலில் ஒரு கட்சிக் கூட்டம் நடந்தால், பேச்சாளர் மேடையை விட்டு இறங்குவதற்குள் துண்டு வீடியோக்கள் சுற்றுக்கு வந்துவிடுகின்றன. தில்லைநகர் கிளினிக்கில் இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ், சாஸ்திரி ரோடு ஷோரூம் விற்பனையாளர், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பட்டதாரி என்று எல்லார் போனுக்கும் வருகின்றன. பிடித்தவர் பகிர்கிறார், பிடிக்காதவர் திட்டி எழுதுகிறார்.

வேலையில் இருப்பவர் அரசியல் பக்கமே போகக் கூடாது என்று புத்தி சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் ஓட்டு, தன் ஊர், தன் போனில் இருக்கும் தகவல் எங்கே போகிறது என்பது பற்றிக் கருத்தே இல்லாத ஊழியரால் நாட்டுக்கும் பயனில்லை, நிறுவனத்துக்கும் பயனில்லை. பேசுங்கள். ஆனால் பேசுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் எந்த விதியின் கீழ் சம்பளம் வாங்குகிறீர்கள்? ஒரே தெருவில் குடியிருக்கும் நாலு பேர் ஒரே பதிவைப் போட்டால், ஒருவருக்கு ஒன்றும் ஆகாது. இன்னொருவருக்கு மெமோ வரும். மூன்றாமவர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகும். நாலாமவர் வீட்டுக்குக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வரும்.

திருச்சியில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். பொன்மலை ரயில்வே பணிமனை, துப்பாக்கித் தொழிற்சாலை, திருவெறும்பூர் பெல், மின்வாரியம், அரசுப் பள்ளிகள் என்று அரசுச் சம்பளத்தில் நிற்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். மத்திய அரசு ஊழியருக்கு 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், ரயில்வே ஊழியருக்கு 1966-ஆம் ஆண்டு விதிகள், தமிழக அரசு ஊழியருக்கு 1973-ஆம் ஆண்டு விதிகள். பெல் போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்குத் தனி விதிகள். வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டு வாங்கிய அந்தப் புத்தகத்தை யாரும் புரட்டுவதில்லை. புரட்டுங்கள். மத்திய விதிகளின்படி கட்சி உறுப்பினராக இருக்கக் கூடாது, பிரசாரம் செய்யக் கூடாது. ஓட்டுப் போடலாம், ஆனால் யாருக்குப் போட்டேன், யாருக்குப் போடப்போகிறேன் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. சட்டையிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தை வைத்தாலே தேர்தலில் செல்வாக்கைப் பயன்படுத்தியதாகக் கொள்ளப்படும். அந்த விதியை எழுதியபோது வாட்ஸ்அப் முகப்புப் படம் கிடையாது. ஆனால் மெமோ எழுதும் அதிகாரி முகப்புப் படத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவார் என்றே வைத்துக்கொண்டு நடங்கள். அரசின் கொள்கையைப் பொதுவெளியில் கண்டித்துப் பேசுவதற்கும் தடை உண்டு. பணி நிலைமை பற்றிச் சங்கப் பொறுப்பாளராகப் பேசும் பேச்சுக்கு அதில் விலக்கும் உண்டு. சங்கத்தில் பொறுப்பு வகிப்பவர்கள் இந்த விலக்கை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

அதற்காக அரசு ஊழியர் வாய் தைக்கப்பட்டவர் என்று அர்த்தமில்லை. திரிபுராவில் ஓய்வுபெறச் சில நாட்களே இருந்த ஓர் ஊழியரைக் கட்சிக் கூட்டத்துக்குப் போனார், முகநூலில் எழுதினார் என்று தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். கூட்டத்தில் இருந்ததாலேயே ஒருவர் கட்சிக்காரர் ஆகிவிட மாட்டார், அரசு ஊழியர் என்பதால் பேச்சுரிமை இல்லாமல் போய்விடாது என்று சொல்லி, 2020 ஜனவரியில் திரிபுரா உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. திடலுக்குப் போய்ப் பேச்சைக் கேட்பது வேறு, மேடையேறுவது வேறு.

தனியார் வேலையில் உங்கள் விதிப்புத்தகம் நியமன ஆணைதான். கூடவே சமூக ஊடகக் கொள்கை, ரகசியக் காப்பு ஒப்பந்தம் என்று இரண்டு மூன்று தாள்கள் இருக்கும். நவல்பட்டு ஐ.டி. பூங்காவில் சேருகிறவர்கள் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி இவற்றை ஏற்றுக்கொள்கிறார்கள். சேர்ந்த வாரமே அவற்றைத் தரவிறக்கிச் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்வது நல்லது. கடை, ஷோரூம், தனியார் அலுவலக ஊழியர்களுக்குப் பலர் அறியாத ஒரு காப்பு இருக்கிறது. 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் அனுப்ப முடியாது. நோட்டீஸ் தராமல் அனுப்ப வேண்டுமானால் விசாரணை நடத்திக் குற்றத்தை நிரூபித்திருக்க வேண்டும். “நீ போட்ட ஸ்டேட்டஸ் முதலாளிக்குப் பிடிக்கவில்லை, நாளையிலிருந்து வர வேண்டாம்” என்பது சட்டப்படி போதாது. ஏஜென்சி மூலம் வேலை பார்ப்பவர்களின் நிலைதான் மோசம். அவர்களை யாரும் நீக்குவதில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் பெயர் இருக்காது. அந்த இடத்தில் இருப்பவர்கள் வேலை உறுதியாகும்வரை சொந்தப் பெயரில் காரமாக எழுதுவதைத் தள்ளிப்போடுவதில் தவறில்லை. இது கோழைத்தனம் இல்லை. வீட்டு வாடகை அந்தச் சம்பளத்தில் போகிறது.

இனி தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். இதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலிருந்து ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஊழியர்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஆறுமுகநேரியில் தமிழ்நாடு கிராம வங்கிக் கிளையில் வேலை பார்த்த ஓர் ஊழியர், சங்கத்தில் ஈடுபாடுள்ளவர். ஊழியர்கள் மட்டும் இருந்த வாட்ஸ்அப் குரூப்பில் நிர்வாகத்தின் முடிவுகளைக் கிண்டலாக விமர்சித்தார். செய்தி மேலிடத்துக்குப் போனது. சார்ஜ் மெமோ வந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2023-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அந்த மெமோவை ரத்து செய்தார். வேலை செய்யும் இடத்தில் மனக்குறை இருப்பது இயல்பு. அதைக் கொட்டித் தீர்க்க ஊழியருக்கு உரிமை உண்டு. நண்பர்களிடம் தனியாகப் பேசினால் குற்றமாகாத பேச்சு, உறுப்பினர்கள் மட்டும் பார்க்கும் குரூப்பில் பேசினாலும் குற்றமாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நிறுவனத்தின் நலன் உண்மையிலேயே பாதிக்கப்பட்டால் கதை வேறு; சட்டம் தடுத்திருக்கும் ஆபாசப் படங்களைப் போட்டாலும் வேறு.

நல்ல தீர்ப்பு. ஆனால் அதை நம்பி இன்றிரவே எழுத உட்காராதீர்கள். அந்த ஊழியர் வென்றார். வெல்வதற்குள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அந்தக் குரூப்புக்குள்ளிருந்துதான் செய்தி வெளியே போனது என்பதையும் மறக்க வேண்டாம். வாட்ஸ்அப் செய்தி வழியில் களவு போகாமல் பூட்டப்பட்டிருக்கலாம். கையில் வாங்கியவர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை எந்தப் பூட்டும் தடுக்காது. ஆகவே மூன்று வகைக் குரூப்புகளைக் கலக்காதீர்கள். மேலாளர் இருக்கும் குரூப்பில் வேலை மட்டும். சங்கக் குரூப்பில் பணி நிலைமை பற்றி எவ்வளவு வேண்டுமானாலும். அரசியலையும் ஊர்வம்பையும் அலுவலகத்தோடு தொடர்பே இல்லாத நண்பர்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கொடுத்த மடிக்கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்தே வைத்திருக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். அந்தக் கணினியில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் உரிமையை நீங்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கக்கூடும்.

எழுதுவதைவிட ஃபார்வர்டு செய்வதில்தான் ஆபத்து அதிகம். எழுதும்போது நாலு வார்த்தை யோசிக்கிறோம், பகிரும்போது விரல் மட்டும் வேலை செய்கிறது. நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி.சேகர் 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை முகநூலில் பகிர்ந்தார். யாரோ எழுதியது, படிக்காமல் பகிர்ந்துவிட்டேன், எடுத்துவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்பது அவர் தரப்பு. 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து விடுபட்ட அம்பு. அது செய்யும் காயத்துக்கு எய்தவரே பொறுப்பு என்றது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பெயரும் செல்வாக்கும் உள்ளவருக்கே இது நடந்தது. “எனக்கு வந்தது, நான் அனுப்பினேன்” என்ற வார்த்தை விசாரணையில் நமக்கும் உதவாது.

பொய்ச் செய்தியால் உயிர்ச்சேதமே கண்டிருக்கிறோம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியை நம்பி, குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழகத்தில் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின; தொழிலாளர்கள் பயந்தார்கள், தொழில் முதலாளிகள் கலங்கினார்கள், டி.ஜி.பி.யே வீடியோவில் தோன்றி மறுக்க வேண்டியிருந்தது. நீங்கள் சூப்பர்வைசராகவோ மனிதவளப் பிரிவிலோ இருந்தால், இப்படி ஒரு நாளில் உங்கள் வேலை தெளிவானது: உங்கள் ஆட்களிடம் அவர்கள் மொழியிலேயே உண்மையைச் சொல்வது. டி.வி. சேனல் முத்திரையோடு வரும் நியூஸ் கார்டைப் பார்த்தால் அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை.

குரூப் அட்மின்களுக்கு ஓர் ஆறுதல். கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் உறுப்பினர் போட்ட பதிவுக்காக அட்மின் மீதும் வழக்கு வந்தபோது, அட்மினாக மட்டும் இருந்தவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2021 டிசம்பரில் மதுரைக் கிளை சொன்னது. ஆனாலும் வெறுப்புப் பதிவைக் கண்டால் நீக்கிவிடுங்கள். வழக்குக்குப் பயந்து இல்லை, குரூப் உங்கள் பெயரில் நடக்கிறது என்பதற்காக.

தனியுரிமை என்றதும் நம் தகவலை யார் திருடுகிறார்கள் என்றே பேசுகிறோம். வேலை பார்க்கும் இடத்தில் அடுத்தவர் தகவல் நம் கையில் இருக்கிறதே, அது எனக்குப் பெரிய கவலை. தென்னூரைச் சுற்றி மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு பிரபலம் வந்தார் என்று வார்டில் எடுக்கும் படம், வேடிக்கையான ரிப்போர்ட் என்று தோழிக்கு அனுப்பும் ஸ்கிரீன்ஷாட், பின்னணியில் நோயாளி தெரியும் ரீல்ஸ் ஆகிய மூன்றும் வேலையைக் காவு வாங்கக்கூடியவை. கர்நாடகத்தில் கதக் அரசு மருத்துவக் கல்லூரியில் வளாகத்துக்குள் ரீல்ஸ் எடுத்ததற்காக 2024 பிப்ரவரியில் 38 மாணவர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-ல் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அவ்வளவு பெரிய தொகை தலைக்கு மேல் தொங்கும்போது, கசியவிட்ட ஊழியரை எந்த நிறுவனமும் வைத்துக்கொள்ளாது. வாடிக்கையாளர் பட்டியலை ஏ.ஐ. செயலியில் ஒட்டி “இதை ஒழுங்குபடுத்து” என்று கேட்பதும் கசிவுதான். சாம்சங் பொறியாளர்கள் நிறுவனத்தின் மென்பொருள் வரிகளைச் சாட்ஜிபிடியில் போட்டது தெரியவந்து, 2023 மே மாதம் அந்நிறுவனம் அத்தகைய செயலிகளுக்கே தடை போட்டது.

இத்தனைக்கும் பிறகு மெமோ வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்றே கோபத்தில் பதில் எழுதாதீர்கள். பதிவை அவசரமாக அழிக்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியதன் முழு வடிவம், முன்னும் பின்னும் வந்த உரையாடல், தேதி எல்லாம் தெரியும்படி முதலில் உங்களுக்கென்று நகல் எடுங்கள். பாதி வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டை வைத்துத்தான் பெரும்பாலும் குற்றச்சாட்டு எழுதுவார்கள்; மீதிப் பாதி உங்களிடம் இருக்க வேண்டும். எந்த விதியின் எந்தப் பிரிவை மீறியதாகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். தமிழக அரசு ஊழியரானால் வந்திருப்பது ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17ஏ-வா, 17பி-யா என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. 17பி என்றால் விசாரணை உண்டு, வேலையே போகும் அளவுக்குத் தண்டனையும் வரலாம். அவர்கள் நம்பும் ஆவணங்களின் நகலை எழுத்தில் கேளுங்கள். அவகாசம் போதாவிட்டால் அதையும் எழுத்தில் கேளுங்கள், தேதியைத் தாண்ட விடாதீர்கள். மேலதிகாரி அறைக்கு அழைத்து “ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்துடுங்க, முடிச்சுடலாம்” என்றால், சங்கப் பொறுப்பாளரிடமோ தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீலிடமோ காட்டாமல் ஒரு வரியிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கடிதம் பின்னால் ஒப்புதல் வாக்குமூலமாகக் கோப்பில் உட்கார்ந்திருக்கும்.