சொல் அறிவோம்: ‘ரிலீஸ்’



‘ரிலீஸ்’ என்ற ஆங்கில வினைச்சொல் நம் வீடுகளில் அன்றாடம் புழங்குகிறது. பிடித்து வைத்திருப்பதை விடுவது என்பதே அதன் அடிப்படைப் பொருள். எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்து அதற்கான தமிழ்ச்சொல் மாறும்.

• மேட்டூரில் தண்ணீர் ரிலீஸ்: திறந்து விடுதல். குறுவைக்கு வழக்கமான நாள் ஜூன் 12.
• படம் ரிலீஸ்: வெளியிடுதல்.
• சிறையிலிருந்து ரிலீஸ்: விடுதலை செய்தல்.
• அடகு நகை ரிலீஸ்: நகையை விடுவித்தல்.
• ரிலீஸ் டீடு: சொத்தில் தனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம்.

இந்தச் சொல் வரும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். விடுபவர் யார்? விடப்படுவது எது? ‘தி பேங்க் ரிலீஸ்டு தி ஜுவல்ஸ்’ என்றால் விட்டது வங்கி. நகை நம் கைக்கு வருகிறது. ‘ஐ ரிலீஸ் மை ஷேர்’ என்றால் விடுவது நான். என் பங்கு என் கையை விட்டுப் போகிறது. சொல் ஒன்றுதான், திசை வேறு.

அத்தா மரணித்த பின், “பட்டா மாத்தணும், ரிலீஸ்ல ஒரு கையெழுத்துப் போடும்மா” என்று மகளிடம் சொல்வதுண்டு. அது வெறும் சடங்கு அல்ல. வாரிசுகள் அனைவர் பெயரிலும் கூட்டுப் பட்டா பெற விடுதலைப் பத்திரம் தேவையில்லை.

மகளுக்கும் பங்கு உண்டு என்பது சூரா அந்நிஸாவின் 11ஆம் வசனம் விதித்த கடமை. கடனும் வஸிய்யத்தும் போக 24 மா நிலம் இருக்கிறது, வாரிசுகள் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு 3 மா, மகனுக்கு 14 மா, மகளுக்கு 7 மா. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949இல் சென்னை மாகாணம் செய்த திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. ஆகவே நம் நஞ்சைக்கும் இதே கணக்குத்தான்.

மனமுவந்து விட்டுக்கொடுப்பது அவரவர் உரிமை. ஆனால், தெரியாமல் போட்ட கையெழுத்தை மனமுவந்து கொடுத்ததாகச் சொல்ல முடியாது. பதிவான பத்திரத்தைத் தாமாக ரத்து செய்யவும் இயலாது. நீதிமன்றம் போக வேண்டி வரும்.

எனவே சகோதரிகளே, பத்திரத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சர்வே எண், பரப்பளவு, பங்குக்கு ஈடாகப் பணம் பெற்றிருந்தால் அந்தத் தொகை, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சகோதரர்களே, கையெழுத்துக் கேட்கும் முன் பங்கு எவ்வளவு என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். அமானிதம் பேணுவது அதுதான்.